இடப்பக்கத்து மேளம்

கார்தெனாஸ்
3 ஜூன் 1996

அபெலார்தோ அவர்களுக்கு,

வணக்கம். 'மச்சான்' என்று எழுதத்தான் கை போனது, நிறுத்திக்கொண்டேன்.

என் மகள் மிரேலிஸ் ஆற்றுத் தெய்வமான ஒச்சூன் தாய்க்குத் தீட்சை வாங்கி, வெள்ளை உடுத்தி இருக்கிறாள். தாய்மாமனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவளைப் புனித மேளங்கள் மூன்றின் முன்னால் நிறுத்தி வணங்கச் செய்ய வேண்டும். அது ஆகும்வரை எந்த விழாவிலும் மேளத்துக்கு முன்னால் அவள் ஓர் அடி ஆடக் கூடாது. ஆடாமல் இருக்கவும் அவளால் முடியாது. அவளுடைய ஞானத்தாய் மத்தான்சாஸில் தன் வீட்டு முற்றத்திலேயே சடங்கை வைத்துக்கொள்ளலாம் என்று 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருக்கிறார். உங்கள் மேளங்கள் வேண்டும். மூன்றில் பெரிய தாய்மேளம் உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும்.

போன செப்டம்பர் விழாவை நான் மறக்கவில்லை. உங்கள் தாய்மேளம் கூப்பிட்டது, என் இரண்டாம் மேளம் பதில் சொன்னது. சொன்னது! நீங்களோ பாதியில் கையை நிறுத்திவிட்டு, "தூங்குறியா மச்சான்? தூக்கம் வந்தா வீட்ல போய்ப் படு, மேளத்தை ஏன் மெத்தையாக்குற?" என்று ஊரே கேட்கக் கத்தினீர்கள். இத்தனை வருடம் உங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து வாசித்தவனுக்கு அந்தப் பரிசு. அதனால்தான் மேளத்தை இறக்கி வைத்துவிட்டு இந்த ஊருக்கு வந்தேன். 23ஆம் தேதி நான் வாசிக்க மாட்டேன். பெண்ணைப் பெற்றவனாக ஓரமாக நிற்பேன்.

நம் இருவருக்கும் நடுவில் உங்கள் தங்கை எனெய்தாவுக்குத்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. அவளுக்காகவாவது பதில் எழுதுங்கள்.

ஃபெர்மின்


மத்தான்சாஸ்
8 ஜூன்

அன்புள்ள ஃபெர்மின்,

மருமகளுக்கு என் ஆசி. மேளங்கள் வரும். தோலை இன்றைக்கே வெயிலில் வைத்துவிட்டேன். ஆனால் தாய்மேளத்தை என்னிடம் மேளம் படிக்கிற ரமிரோ வாசிப்பான். நான் உட்காரப் போவதில்லை, இனி எங்கேயும். காரணம் கேட்காதே. உன்மேல் கோபமில்லை.

மாமரம் காய்த்துத் தொங்குகிறது. எனெய்தாவை அனுப்பு, ஒரு பை நிறையக் கொடுக்கிறேன். ஓட்டை வாளியை மேளத்தோலுக்குப் பூசுகிற சிவப்புப் பசையால் அடைத்துவிட்டேன் என்று அவளிடம் சொல். செருப்பு, குழாய், இப்போது வாளியுமா என்று சிரிப்பாள்.

அபெலார்தோ


கார்தெனாஸ்
13 ஜூன்

அடே அபெலார்தோ,

மரியாதையெல்லாம் முதல் கடிதத்தோடு தீர்ந்துவிட்டது. ரமிரோவா? நல்ல பையன்தான், யார் இல்லை என்றது? ஆனால் மிரேலிஸ் நடை பழகியதே உன் தாய்மேளத்தில் கட்டிய மணிகளின் சத்தத்துக்கு. தாய்மாமன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது எவனோ ஒருவன் மடியிலிருந்தா அவளுக்கு மேளம் ஒலிப்பது? இப்படியே நான்கு பக்கம் திட்டி எழுதி வைத்திருந்தேன்.

அதற்குள் எனெய்தா மாம்பழப் பையோடு வந்து சேர்ந்தாள். பையை இறக்கும் முன்பே, "எங்க அண்ணனுக்கு என்னங்க ஆச்சு? இந்தப் பக்கம் நின்னு 'அண்ணே, காபி ஆறுது'ன்னு கத்துறேன், செவிடன் காதுல ஊதின சங்குதான். அந்தப் பக்கம் போய் முணுமுணுத்தேன், டக்குனு கையை நீட்டுறாரு!" என்றாள்.

எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று கேட்டேன். இடப்பக்கம் என்றாள். நான் உட்காருகிற பக்கம்.

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். இத்தனை மாதமும் நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், நீ பயந்துகொண்டிருந்திருக்கிறாய். பதில் காதில் விழாத தாய்மேளம் எதற்கு என்றுதானே ஒதுங்குகிறாய்? எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. நாளைக்கே மருத்துவமனைக்குப் போ. போகவில்லை என்றால் நானே வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன், கேட்கிற காதை.

உன் மச்சான்
ஃபெர்மின்


மத்தான்சாஸ்
18 ஜூன்

மச்சான், மச்சான், மச்சான்!

போனேன். கால் பின்னுக்கு இழுக்க, தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரிதான் போனேன். நர்ஸ் காதுக்குள் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பீச்சி, இடுக்கியை விட்டு, சிவப்பாக ஓர் உருண்டையை எடுத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பெரியவரே, காதுக்குள்ள செங்கல் சூளை போட்டிருக்கீங்களா?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேளப் பசை! போன கோடையில் விரிகுடாவில் முக்குளித்தபோது தண்ணீர் போகாமலிருக்க இரண்டு காதிலும் திணித்தேன். இடப்பக்கத்தில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அதன்மேல் அழுக்கு சேர்ந்து சுவர் எழுப்பிவிட்டது. காது கெடவில்லை மச்சான். கெட்டது புத்திதான்.

வெளியே வந்தேன். சைக்கிள் மணி, கோழி, எவளோ எவனையோ திட்டுவது, எல்லாம் இரண்டு காதிலும் விழுந்தது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

அன்றைக்கு நீ பதில் சொன்னாய். எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் இதைச் சொல்வேன். ஓரமாக நிற்பானாம்! இடப்பக்கம் உன் நாற்காலி கிடக்கிறது. பசை மட்டும் நீ கொண்டு வா. என்னிடம் இருந்ததை எல்லாம் என் பெண்டாட்டி ஆற்றில் வீசிவிட்டாள்.

அபெலார்தோ


கார்தெனாஸ்
25 ஜூன்

மச்சான்,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். மிரேலிஸ் அன்றைக்கு உடுத்திய ஒச்சூன் தாயின் மஞ்சள் உடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். தேங்காய்த் தட்டை வைத்துவிட்டு, பாயில் விழுந்து, உன் தாய்மேளத்தில் அவள் நெற்றியை வைத்தபோது நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய். நான் அதற்குமேல் பார்க்கவில்லை. என் கண்ணே சரியாக இல்லை.

பிறகு ஆடினாளே! நான் வாசிப்பதா, பார்ப்பதா? அந்த நேரத்தில்தானா நீ செப்டம்பரில் கூப்பிட்ட அதே அழைப்பைக் கூப்பிட வேண்டும்? பதில் சொன்னேன். மறுபடி கூப்பிட்டாய், சொன்னேன். மறுபடியும். இடப்பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் இன்னும் என்று கேட்டாய்.

பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குக் குதிரை வண்டியில் வரும்போது மிரேலிஸ் கேட்டாள்: "ஏம்ப்பா, மாமா ஒரே கேள்வியை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டாரு? உங்க பதில் புரியலையா?"

"புரிஞ்சுதும்மா. அவனுக்குக் கேட்டுச்சு, அதான்."

வலது உள்ளங்கை வீங்கிக் கிடக்கிறது. எனெய்தா எண்ணெய் தேய்த்துக்கொண்டே உன்னைத் திட்டுகிறாள். இதை இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டிய மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் இடப்பக்கத்து மச்சான்
ஃபெர்மின்