உன் மாமாவுக்கு வந்த காய்ச்சல்

டிக்கோயா
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பனியில் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மாளுக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. அப்பா நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோவா போட்டிருக்கிறார், பாதியைப் பன்றி கிளறிவிட்டுப் போய்விட்டது, மீதிக்கு வேலி கட்டுகிறேன் என்று முழங்கால் வலியோடு ஏறி இறங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. சுதர்ஷினி டீச்சரின் தங்கை ஜெர்மனிக்குப் புறப்படுகிறாள் என்று சொன்னார்கள், அவள் கையில் உனக்கு மிளகாய்த்தூளும் கருவாடும் கொஞ்சம் நல்ல தேயிலையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டைப் பொதிந்துதான் வைத்திருக்கிறேன், வாசனை அடித்தால் அந்தப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே.

போனில் நீ அழுத அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை பாப்பா. உங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிற பண உதவி நிற்கப்போகிறது, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடுகிறார்கள், நானும் இதை விட்டுவிடப் போகிறேன் என்றாய். வைரஸ், வைரஸ் என்று இத்தனை வருடம் படித்து என்ன, சொந்த மாமாவையே காப்பாற்ற முடியவில்லையே என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். உன் மாமா போன பிறகு இங்கே நடந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ அங்கே தனியாக இருந்து கலங்குவாய் என்று மீதியை மறைத்துவிட்டேன். இப்போது முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் மாமா விஜிதரன் காய்ச்சலில் விழுவதற்கு முன்னால், தோட்டத்தில் உர மூட்டை வைக்கும் பழைய காம்பராவைச் சுத்தம் பண்ண அவனையும் பொன்னையாவையும்தான் அனுப்பியிருந்தார்கள். பூட்டிக் கிடந்த இடம், உள்ளே எலிப் புழுக்கையும் தூசியுமாக இருந்தது, துணியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் கூட்டினோம் என்று பிறகு பொன்னையா சொன்னார். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது எலிக்காய்ச்சல் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம், ஆஸ்பத்திரியிலும் அதற்குரிய மருந்தை ஏற்றினார்கள். பரிசோதனையில் அதுவும் இல்லை, டெங்குவும் இல்லை என்று வந்தது. மூத்திரம் நின்றுபோய் முகம் வீங்கி, பிறகு மூச்சும் முட்ட ஆரம்பித்தது. உன்னைப் பேராதனையில் கொண்டுபோய் விட்ட அன்று இரும்புப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடு ஏறினானே, அந்த உடம்பு கட்டிலில் ஒரு தலையணையைத் தள்ளக்கூடச் சக்தியில்லாமல் கிடந்தது. கண்டிக்கு மாற்ற வண்டி ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தபோதே மத்தியானம் போய்விட்டான். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது, அன்று சாயங்காலம் டொக்டர் ஊர்மிளா எங்களைக் கூப்பிட்டுப் பேசியது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன்னைவிட இரண்டொரு வயது மூத்திருக்கும். உன் அத்தை நிஷாந்தியை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் இருந்து ஊசியால் துளி துளியாகச் சதை எடுத்து அனுப்பினால் இது என்ன நோய் என்று கண்டுபிடிக்கலாம், அதற்கு நீங்கள் சம்மதம் தர வேண்டும் என்றார். நிஷாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு செத்ததே போதும் அண்ணி, இன்னும் குத்தணுமா" என்றாள். அந்த டொக்டர் கோபப்படவில்லை. "அம்மா, நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால் நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனால் இது என்ன காய்ச்சல் எண்டு எங்களுக்கு விளங்கேல்லை. உங்கட லயத்தில இன்னொருத்தருக்கு இது வந்தா, அண்டைக்கும் நான் இப்பிடித்தான் ஒண்டும் தெரியாமல் நிப்பன்" என்றார். நிஷாந்தி என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் மகள் இந்த வேலைதானே செய்கிறாள், நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நான் குடுப்போம் நிஷாந்தி என்றேன். அவள் கையெழுத்து வைத்தாள்.

லயத்துக்கு உடம்பைக் கொண்டுவருவதற்குள் பேச்சு முந்திக்கொண்டது. உடம்பை அறுத்துவிட்டார்கள், கிட்னியை எடுத்துவிட்டார்கள், வெளிநாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குளிப்பாட்டியது பொன்னையாதான். வெளியே வந்து எல்லோரும் கேட்க, "ஊசி குத்துன தடம் மட்டுந்தான் இருக்கு, வேற ஒரு கீறல் கெடையாது, நான் கண்ணால பாத்தேன்" என்றார். அப்போதும் வாய் அடங்கவில்லை. நிஷாந்தியின் சொந்தத் தம்பியே இறம்பொடையிலிருந்து வந்து நின்று, "புருசன் ஒடம்ப ஊசிக்குக் குடுத்தவ" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னான். பிறகு தொத்து நோய் என்ற பயம் வந்தது. அவள் பைப்பில் தண்ணீர் பிடித்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். கொழுந்து எடுக்கப் போனால் அவள் நிரையிலிருந்து விலகினார்கள். அவள் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை, என்னிடம் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டாள். "நீங்க சொன்னீங்கன்னுதானே வச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அத்தோடு சரி. தினம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்னே, நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வருவாள், பிள்ளையை என் கையில் கொடுப்பாள், என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நானும் வாங்கிக்கொள்வேன். சாயங்காலமும் அப்படித்தான். உன் அப்பா கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தச் சதை என்ன ஆனது என்பதை டொக்டர் ஊர்மிளா எனக்குப் பிறகு விளக்கமாகச் சொன்னார். அவர் உனக்குப் போன் பண்ணியதும், சொந்தக்காரி என்பதால் நான் இதில் கை வைக்கக் கூடாது, ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன் என்று நீ சொன்னதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அதை ஒரு பெரிய காரியமாக என்னிடம் சொல்லவே இல்லை. முதலில் கண்டியில் பார்த்தார்களாம், பிறகு கொழும்பில் பார்த்தார்களாம். அங்கே அதைப் பரிசோதிக்கிற மருந்துத் தண்ணீர் தீர்ந்துபோயிருந்ததாம், நீ சொன்ன ஒரு பெண் ஜப்பானிலிருந்து தன்னிடம் இருந்ததைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்பினாளாம். கிருமியின் மரபணு எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாட்டுக்காரர் தன்னுடைய வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாராம். இவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை என்றார். உன் மாமா ஹட்டனைத் தாண்டிப் போனதே கொஞ்சம், அவனுக்காக யார் யாரோ இப்படி இருந்திருக்கிறார்கள். கடைசியில், எலி மூத்திரத்திலிருந்து தூசியோடு மூச்சில் போகிற ஒரு வைரஸ் என்று தெரிந்தது. அதற்கென்று தனி மருந்து இல்லை, ஆனால் ஆளுக்கு ஆள் தொற்றுகிற மாதிரி இது தெரியவில்லை என்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்றே டொக்டர் ஊர்மிளா பஸ்ஸில் ஏறி லயத்துக்கு வந்துவிட்டார். நேரே நிஷாந்தியின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தேத்தண்ணி தாங்கோ என்று கேட்டு வாங்கி, வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கக் குடித்தார். அதன்பிறகு பைப்படியில் யாரும் குடத்தை நகர்த்தவில்லை.

கொழும்பிலிருந்து நிலந்த என்கிற ஒரு சார் மாணவப் பிள்ளைகளோடு எலி பிடித்துப் பரிசோதிக்க வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். உரக் காம்பராவிலும் லயத்துக் கூரையிலும் எலிப்பொறிக் கூடு வைத்தார்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அவர்கள் நடமாடியதைப் பார்த்து முதலில் சனங்கள் முறைத்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான்தான் அவர் சொல்வதைக் கேட்டுச் சனங்களுக்குச் சொன்னேன். காம்பராவைத் திறந்துவைத்துக் காற்றோட விட வேண்டும், காய்ந்த தூசியைக் கூட்டக் கூடாது, மருந்துத் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் துடைக்க வேண்டும் என்றார். உன் மாமாவின் கருமாதி அன்று அவர்கள் ஒரு வேலையும் செய்யவில்லை. நாங்கள் அழைக்கவில்லை, ஆனால் அந்தச் சாரும் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கடைசியில் நின்றார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒரு மாணவி என்னிடம், எங்களுக்குக் கிடைப்பது எப்போதும் ஒரு இலக்கம் மட்டும்தான் அம்மா, அந்த ஆளுடைய வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இதற்கிடையில் பொன்னையா விழுந்துவிட்டார். அதே காய்ச்சல், அதே இடுப்பு வலி, அதே கண் சிவப்பு. அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தாள். ஆனால் இந்த முறை டொக்டர் ஊர்மிளாவுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் ஏற்றுவதை அளந்து ஏற்றினார்கள், மூத்திரம் குறையத் தொடங்கியதுமே காத்திருக்காமல் கண்டிக்கு அனுப்பி இரத்தம் சுத்தம் பண்ணும் இயந்திரத்தில் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் அவர் திரும்ப மாட்டார் என்றே நினைத்தோம். திரும்பி வந்துவிட்டார் பாப்பா. இளைத்துக் கறுத்துப் போயிருக்கிறார், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, இனிமேல் பாரமான வேலைக்குப் போக முடியாது, ஆனால் இருக்கிறார். வந்த மறுநாள் தடியை ஊன்றிக்கொண்டு நிஷாந்தியின் வாசலில் போய் நின்றார். "ஒன் புருசன் குடுத்த உசுரு தாயீ இது" என்றார். நிஷாந்தி அதற்கு, "அவரு செத்துத்தான் நீங்க பொழைக்கணும்னு இருந்திச்சா மாமா" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொன்னையாவும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை, அது கேட்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

உன்னைச் சமாதானப்படுத்த நான் இதை எழுதவில்லை. மாமாவைக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை, அதை நான் இல்லை என்று சொன்னால் நீயும் நம்ப மாட்டாய், என் தம்பிக்கும் அது அடுக்காது. வேலையில் இருப்பதா விடுவதா என்பது உன் முடிவு, அப்பாவும் நானும் எதற்கும் கோபிக்க மாட்டோம். துக்கத்தில் இருக்கிற மனசோடு முடிவு எடுக்காதே, அவ்வளவுதான் என் வேண்டுதல். பொன்னையா காலையில் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்வதை நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும்போது பார்க்கிறேன். அதை நீ பார்க்கவில்லை, அதனால்தான் எழுதினேன்.

இன்னொன்று இருக்கிறது, இதற்காகத்தான் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிஷாந்தி சின்னவளைத் தூக்க வந்தாள். மற்றத் தாய்மார் எல்லோரும் போன பிறகும் போகாமல் நின்றாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணி, அவரோட அந்தத் துண்டு இன்னும் எங்கயாவது இருக்கா, இல்ல வீசிட்டாங்களா" என்று கேட்டாள். நான் டொக்டர் ஊர்மிளாவிடம் கேட்டிருந்தேன், அதனால் தெரியும். கொழும்பில் ஒரு பெட்டியில் உறைய வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு துளி சுலக்ஷனா இருக்கிற பக்கத்து நாடு ஒன்றுக்கும் போயிருக்கிறது, வீச மாட்டார்கள், பின்னால் யாராவது இதற்கு மருந்து தேடும்போது எடுப்பார்கள் என்றேன். அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "அவங்களுக்கு அவரு பேரு தெரியுமா" என்று கேட்டாள். இலக்கம்தான் இருக்கும், பேர் எழுதக் கூடாது என்பது சட்டம் என்றேன். "சட்டம் இருக்கட்டும், எழுத வேணாம்" என்றாள். "சுலக்ஷனாகிட்ட சொல்லுங்க, அதத் தொறக்கிறவங்க ஒரு நிமிசம் நெனச்சுக்கட்டும். இது ஒரு ஆளு, வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்காங்கன்னு." இத்தனை நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது இதுதான். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை அங்கே எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

குளிர் உடுப்பைக் கழற்றிவிட்டு வெளியே நடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை. நீ போகும் வழியெல்லாம் அந்த மாரியம்மாள் துணை இருந்து, எடுத்த காரியத்தில் உன் மனம் நிலைக்கட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, அத்தை கேட்டதற்குப் பதிலை எனக்கு எழுதாதே. காகிதத்தில் எழுதி அவள் பேருக்கே அனுப்பு. அவள் தானாகப் படிப்பாள்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா
பரமேஸ்வரி