ஆம்ப்ரோஸ் ஐம்பது தேவை

அடையாறு,
ஜூன் 12.

அன்புள்ள ஆம்ப்ரோஸுக்கு சுயம்புலிங்கம் எழுதுவது.

மூன்று வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதி, சனிக்கிழமை மஸ்கட்டுக்கு வரும் உன் மச்சான் ஆண்ட்ரூவிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் உன் எலக்ட்ரீஷியன் வேலையை உனக்கே திருப்பித் தரப் போகிறார்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக நீ ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜூன் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இரண்டு நாளாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிளம்பர் வேலைக்குப் போன இடத்தில் குழாயைக் கழற்றிவிட்டு, மாட்டாமல் வந்துவிட்டேன். ஹாஸ்டல் வராண்டா முழுக்கத் தண்ணீர்.

இது எப்படி நடந்தது என்பதைக் கேள். நம் பம்ப் ஹவுஸ் போர்டை நீ மறந்திருக்க மாட்டாய். பட்டனை அழுத்தினால் மோட்டார் முனகுமே தவிர எடுக்காது. நீ வந்து போர்டின் கீழ்ப்பக்கம் உள்ளங்கையால் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு தட்டினால் ஓடும். நீ போன பிறகு அந்தத் தட்டு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதற்கு உன் பேரையே வைத்துவிட்டார்கள். மோட்டார் எடுக்கவில்லையா, ஒரு ஆம்ப்ரோஸ் போடு. நூலக லிஃப்ட் பாதியில் நிற்கிறதா, ஆம்ப்ரோஸ் போடு. பெருக்கும் பங்கஜம் அக்கா, தன் வீட்டு மிக்ஸிக்கே ஆம்ப்ரோஸ் போட்டதாகச் சொன்னாள்.

போன டிசம்பரில் புது உதவிப் பொறியாளராக சிந்து மேடம் வந்தார்கள். சின்ன வயதுதான், ஆனால் படு கறார். வாயால் சொன்ன புகாருக்கு வேலை கிடையாது, எல்லாம் சீட்டில் எழுத வேண்டும். சீட்டில் மூன்று கட்டம்: என்ன புகார், என்ன செய்தீர்கள், என்ன பொருள் போட்டீர்கள். எலக்ட்ரீஷியன் பிரபுவை உனக்குத் தெரியும். பேசச் சொன்னால் வடபழனி டிப்போ வரைக்கும் கேட்கும்படி பேசுவான், எழுதச் சொன்னால் கை வராது. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் சீட்டு திரும்பி வருகிறதே என்று "ஒரு ஆம்ப்ரோஸ் போட்டோம்" என்று எழுதித் தள்ளினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

புகார் கவுண்டரில் சரண்யா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். உன்னை அவளுக்குத் தெரியாது. சீட்டில் இருந்ததை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஆறு மாதத்தில் நாற்பத்தொரு ஆம்ப்ரோஸ் போட்டிருக்கிறோம், ஸ்டோரில் இருப்பு பூஜ்யம். உடனே ஸ்டோருக்குச் சிவப்பு எழுத்தில் தகவல் போய்விட்டது.

ஸ்டோர் முத்துகிருஷ்ணன் சாராவது கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அவர் குணம் உனக்குத் தெரியுமே, தெரியாத பொருள் என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது அவருக்கு. ஆம்ப்ரோஸ் ஐம்பது தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரிச்சி தெருவுக்குப் போனும் போட்டுவிட்டார். ஒரு கடையில் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று கேட்டார்களாம். இவர் யோசிக்கவே இல்லையாம், த்ரீ பேஸ் என்றாராம். இன்னொரு கடைக்காரர், ஒரிஜினல் இப்போது வருவதில்லை சார், டூப்ளிகேட் இருக்கிறது, ஆனால் கேரண்டி கிடையாது என்று சொல்லியிருக்கிறார். உனக்கு டூப்ளிகேட் இருக்கிறதாம் மாப்பிள்ளை. நான் சிரித்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது.

போன வாரம் திங்கட்கிழமை காலை சிந்து மேடம் எல்லோரையும் கூப்பிட்டார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. நாற்பத்தொன்று புதிதாகப் போட்டிருக்கிறீர்கள், கழற்றிய பழைய ஆம்ப்ரோஸெல்லாம் எங்கே, ஒன்றுகூட ஸ்டோருக்குத் திரும்பி வரவில்லையே என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முத்துகிருஷ்ணன் சார் மட்டும் தலையை ஆட்டி, கரெக்ட் மேடம், நானும் அதைத்தான் கேட்கிறேன் என்றார். கடைசியில் பிரபுதான் எழுந்தான். "மேடம், அது பொருள் இல்ல மேடம், ஆளு. மஸ்கட்ல கீறாரு. அவர எப்டி மேடம் கழட்டி ஸ்டோர்ல குடுக்கிறது" என்றான்.

சிந்து மேடம் சிரிக்க ஆரம்பித்தார்கள் பார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். சரண்யா வெட்கத்தில் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள். முத்துகிருஷ்ணன் சார், எனக்கு அப்போதே சந்தேகம்தான் என்றார். பங்கஜம் அக்கா போர்டில் தட்டுகிற மாதிரி மேசையில் தட்டிக் காட்டினாள். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பை நீ இருந்த காலத்துக்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சிரித்து முடித்து மேடம் ஒன்று கேட்டார்கள். பேரே வேலைக்கு ஆகிற அளவுக்கு நல்ல ஆள், அவர் ஏன் போனார் என்று.

சிரிப்பு நின்றுவிட்டது. மேடமே கம்ப்யூட்டரில் தேடிப் படித்தார்கள். பட்டமளிப்பு விழா மேடையில் மின்தடை, எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவு, ராஜினாமா ஏற்கப்பட்டது. மூன்றே வரி.

ஆம்ப்ரோஸ், நான் எழுந்து நின்றேன். நிற்க வேண்டும் என்று முடிவெடுத்து நிற்கவில்லை, கால் தானாக நிமிர்ந்துவிட்டது. அது அவன் தப்பு இல்லை மேடம், என் தப்பு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். விழா ஜெனரேட்டரில் ஓடுகிறது, முடிகிறவரை இரண்டாவது மோட்டாரைத் தொடாதே என்று நீ காலையில் என்னிடம் சொன்னது. போர்டில் சாக்பீஸால் எழுதியும் வைத்தது. மேடைக்குப் பின்னால் கழிவறையில் தண்ணீர் இல்லை என்று யாரோ என்னைத் திட்டியது. திட்டின வேகத்தில் நான் ஓடிப்போய் இரண்டாவது மோட்டாரைப் போட்டது. லோடு தாங்காமல் ஜெனரேட்டர் நின்று, மைக்கும் விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தது. நான் பயத்தில் சாக்பீஸ் எழுத்தைக் கையால் அழித்தது. அதையும் சொன்னேன்.

அப்போதைய பொறியாளர் உன்னைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டபோது, நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். நான் என் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நிரந்தரமாக்கும் ஆணை அந்த வாரம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது. அது உனக்கும் தெரியும். அதனால்தான் நீ சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். நானாகச் சொல்வேன் என்று நீ காத்திருந்தாய். நான் சொல்லவில்லை. உன் ராஜினாமா ஏற்கப்பட்ட மறுவாரம் என் ஆணை வந்தது. அன்று நான் வாங்கிய மைசூர்பாகை எல்லோரும் சாப்பிட்டார்கள், எனக்குத்தான் உள்ளே இறங்கவில்லை.

மேடம் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்கள். எழுதிக் கொடுத்தேன். பதிவாளர் அலுவலகத்துக்கு அவர்களே நடந்து போனார்கள். உன் இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருந்ததால் வேலை சுலபமாகிவிட்டதாம். அந்த மூன்று வரியை நீக்கி ஆணை போட்டுவிட்டார்கள், நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சரிபார்க்க வேண்டாம், நான் ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன், பிழை எதுவும் இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள், ஜூலையில் விசாரணை. பம்ப் ஹவுஸ் சாவியை வாங்கிக்கொண்டு ஹாஸ்டல் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே பையன்கள் ஷவரைக் கழற்றிக் கிரிக்கெட் ஸ்டம்புக்கு முட்டுக் கொடுக்கிறார்கள், பொழுது நன்றாகவே போகிறது. என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நேற்று மாலை சாந்தோமில் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி லூயிசாவிடம் எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொன்னேன். நீ அவளிடம்கூட என் பேரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம். அவள் என்னைத் திட்டவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேருமா அண்ணா என்று மட்டும் கேட்டாள். உன் மகள் லிசா உன் உயரம் வந்துவிட்டாள். என்னை அடையாளம் தெரியாமல் அங்கிள் யார் என்று அம்மாவிடம் கேட்டாள்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். சிந்து மேடத்துக்கு எழுது. விலாசம் ஆணையின் அடியில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீ கொடுக்காவிட்டாலும் அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடு. என் மேலிருக்கும் கோபத்தில் அதைப் போடாமல் இருந்துவிடாதே. வந்தாலும் என்னோடு பேச மாட்டாய் என்றால் அதுவும் சரிதான். மஸ்கட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்காதே ஆம்ப்ரோஸ். இங்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து பேசாமல் இரு.

நீ நம்பும் மாதாவும் நான் கும்பிடும் முருகனும் உன்னை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
சுயம்புலிங்கம்.