சாவுக்கு அடித்த கை

பப்பா,

இன்று காலை பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. பறையைக் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். தோல் சூடேறும் அந்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. பிறகு அடி கேட்டது. உங்கள் பேரன், இன்னும் பேச்சுகூடச் சரியாக வராதவன், பால் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதே மாதிரி தட்டத் தொடங்கினான். மாமியார் ஓடிவந்து அவன் கையில் ஒரு போடு போட்டார்.

"சாவு மோளமா அடிக்கிற? காப்பிரி புத்தி எங்க போவும்!"

நீங்கள் கண்மூடிய அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கோபத்தில் அப்போது கை ஓடவில்லை. இன்று ஓடுகிறது.

செனகலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இங்கே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டீர்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி மற்ற சிப்பாய்கள் கப்பலேறியபோதும் இங்கேயே நின்றுவிட்டீர்கள். பட்டாளத்தில் டிரம் அடித்த கையைக் கல்யாண பேண்டு விடுமா? மாப்பிள்ளை ஊர்வலத்தில் நீங்கள் முன்னால் வந்தால் மாடிகளெல்லாம் எட்டிப் பார்க்கும். "காப்பிரி" என்ற வாய்களே மரியாதையாக "முசியே" என்றன. கல்லூரித் தோழிகளிடம் நான் கை நீட்டிக் காட்டுவேன்.

உழவர்கரையில் பறையடிக்கும் உங்கள் சினேகிதர் செத்தாரே, அன்றோடு அதெல்லாம் முடிந்தது. உங்கள் அப்பாவிடம் படித்த அடிகளை அவருக்குக் காட்டி, அவருடையதைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை அவர் வீட்டிலேயே தீர்த்தவர் நீங்கள். அவர் பாடைக்கு முன்னால் டிரம்மை மாட்டிக்கொண்டு சுடுகாடு வரை அடித்துக்கொண்டு போனீர்கள். மறுநாள் பேண்டு மாஸ்டர் வந்தார். வாசலோடு நின்றுகொண்டார்.

"சாவுக்கு அடிச்ச கைய கல்யாணத்துல எப்படிய்யா நிறுத்துறது? பொண்ணு வூட்டுக்காரன் என்னச் செருப்பால அடிப்பான்."

நீங்கள் சிரித்தீர்கள். "எங்க ஊர்லயும் மோளம் அடிக்கிறவன் வூட்ல எவனும் பொண்ணு எடுக்க மாட்டான். அம்மாம் பெரிய கடலத் தாண்டி வந்தேன், எனக்கு முன்னாடியே அது இங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்குது" என்றீர்கள்.

அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை பப்பா. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? உங்கள் சாவுக்கு உழவர்கரையிலிருந்து பறையோடு வந்தவர்களை என் வீட்டுக்காரர் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "மாதா கோயில் ஆளுங்க பாக்குறாங்க" என்றாராம். மண் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் அடித்த உங்களுக்கு ஒரு அடி விழவில்லை. இப்போது இந்தப் பிள்ளையின் கையையும் கட்டிப்போடப் பார்க்கிறார்கள். அவன் டின்னைத் தொட்டாலே எனக்குப் பதறுகிறது.

மத்தியானம் அழுத பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் தட்டினேன். அவன் அடங்கினான். பாயில் சாய்ந்திருந்த மாமியாருக்கும் கண் சொக்கியது. சட்டென்று நிறுத்தினேன்.

"தட்டுடி, ஏன் நிறுத்திட்ட? அந்தத் தட்டுக்குத்தான் அவன் தூங்குறான்."

"எங்க பப்பா என்னத் தூங்க வெச்ச தட்டு அத்தே இது. சாவுக்கு அடிச்ச அதே கை. தட்டவா, வாணாவா?"

பிள்ளை மறுபடி சிணுங்கினான். மாமியார் அவனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"தட்டித் தொலை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தட்டினேன் பப்பா. பிள்ளைக்கு வலிக்காமல், அத்தைக்குக் கேட்கும்படி.