மணி அடிக்காத திங்கட்கிழமை

ஜூலை 14, திங்கள். டியூஷனில், கடைசி பெஞ்ச்

காற்று. ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் மொட்டை மாடியில் காயப்போட்ட என் ஸ்கூல் துப்பட்டா பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் மேல். எடுக்க வேண்டும். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு இன்னும் தொடவில்லை.

இன்றைய சாதனை: அம்மா போனில் காலை 6.50 அலாரத்தை மாலை 6.50 ஆக்கியது. ஒரே தட்டு.

பின்னணி (கிழவியான பிறகு எடுத்துப் படிக்கப்போகும் எனக்காக): எங்கள் மொட்டை மாடி = அம்மாவின் யோகா கிளாஸ். நாகல் நகர்ப் பெண்கள் ஒன்பது பேர். ஆறு மணிக்கு ஆரம்பம். ஆறரைக்குத் தியானம். ஆறு ஐம்பதுக்கு போனில் மணி. அம்மா போட்ட சட்டம்: "மணி அடிக்காம கண்ணத் தொறந்தா அன்னைக்கி உக்காந்ததே வேஸ்ட்டு. இடி விழுந்தாலும் தொறக்கக் கூடாது."

ஆசனங்கள், தாரணி உரை:
பத்மாசனம். இரண்டு காலையும் தொடை மேல் போட்டு முடிச்சு. பூக்கடை அக்காவுக்கு அவிழ்த்துவிட ஆள் வேண்டும்.
சித்தாசனம். இதில் உட்கார்ந்தால் சித்தி கிடைக்குமாம். எனக்கு ஏற்கெனவே இரண்டு சித்தி, ஒருத்தி சின்னாளப்பட்டியில். போதும்.
சுகாசனம். சாதா சம்மணம். பெயரில் மட்டும் சுகம்.
வஜ்ராசனம். முழங்காலை மடக்கிக் குதிகால் மேல் உட்கார்வது. இதில் சுபைதா அக்காதான் கில்லி. "தொழுகையில இப்டித்தானம்மா உக்கார்றோம், சின்னப் புள்ளையிலருந்து." அம்மாவுக்கும் தியானம் என்றால் இதுதான்.

அம்மாவின் லட்சியம்: ஒரே ஆசனத்தில் அசையாமல் மூன்று மணி நேரம். அதற்குப் பெயர் ஆசன ஜெயமாம். அதை ஜெயித்தவர்தான் மாஸ்டர், மற்றவர் எல்லாம் வெறும் மிஸ் என்று பயிற்சி எடுத்த இடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவின் இதுவரை ரெக்கார்டு 35 நிமிடம். நான் டி.வி. முன்னால் இதைவிட அதிகம்.

6.50. மணி இல்லை. படியில் ஒளிந்து பார்த்தேன். 6.55, ஒருவரும் அசையவில்லை. 6.58, பூக்கடை அக்கா ஒற்றைக் கண் திறந்து, அக்கம்பக்கம் பார்த்து, அவசரமாக மூடினார். கையைக் கடித்துச் சிரித்தேன். பல் தடம் இன்னும் இருக்கிறது. ஏழுக்கு டியூஷன், கிளம்பிவிட்டேன். யாராவது எழுந்திருப்பார்கள். எவ்வளவு நேரம்தான்.

அதே நாள், மாலை

எழவில்லை. அம்மா மட்டும்.

மற்றவர்கள் ஏழேகாலுக்கு ஒவ்வொருவராகக் கண் திறந்தார்களாம். மிஸ் சிலை மாதிரி. தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது என்று சைகை காட்டிக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்து இறங்கிவிட்டார்கள். சுபைதா அக்கா மட்டும் இருந்திருக்கிறார். வெயில் ஏறியதும் குடையைக் கொண்டுவந்து அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்தக் காற்றில். 9.10க்குக் கீழே கேஸ்காரர் "சிலிண்டரு!" என்று கத்தியதும்தான் அம்மா கண் திறந்தாள். எழ முடியவில்லை. இருவர் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள்.

நான் ஸ்கூல் விட்டு வரும்போது அம்மா கட்டிலில். சுபைதா அக்கா கால் அமுக்கிக்கொண்டு. "ஒங்கம்மாவுக்கு என்னமோ கெடச்சிருச்சு தாரணி. மொகத்தப் பாரேன்."

6.50. அடுப்படியில் போன் மணி அடித்தது. ஓடிப்போய் அமுக்கினேன்.
"என்னடி இப்ப அடிக்குது?"
"ஏதோ ஆப்புமா."
எனக்கு நானே வைத்த ஆப்பு. அலாரத்தை மறுபடி காலைக்கு மாற்றிவிட்டேன். தடயம் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் மணி சரியாக அடித்தது. அதுவே அதிசயத்தில் சேர்ந்துவிட்டது. "நேத்து மட்டும் அடிக்கல பாருங்க. யாரு நிறுத்துனா?" என்று பூக்கடை அக்கா. "யாரோ நிறுத்திட்டாங்க," என்று அம்மா மேலே கையைக் காட்டினாள். அந்த யாரோ கீழே பீக்கர் படம் வரைந்துகொண்டிருந்தது.

இடது கால் மரத்தது நேற்றே சரி. வலது பாதம் தூக்கவில்லை. அம்மா நடந்தால் டப், டப் என்று தரையை அறைகிறது. செருப்பு தானாகக் கழன்று விழுகிறது.

ஆனால் சிரிக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.
"மில்லு நின்னுச்சுடி."

அம்மா எட்டு வருடம் நூல் மில்லில் இருந்தாள். வேலையை விட்டு வந்து பத்து வருடம் ஆகிறது. மெஷின் சத்தம் மட்டும் காதுக்குள் இன்னும் ஓடுகிறது. சாப்பிடும்போது, தூங்கும்போது, நான் பேசும்போது. காது டாக்டர் "பழகிக்கங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

"கரண்டு போனா மில்லுக்குள்ள ஒரு அமைதி வரும் தெரியுமா, அத்தன மெஷினும் ஒண்ணா நிக்கும். அந்த மாதிரி. அதுக்கப்புறம் நேரமே இல்ல. நான் இருந்தேனான்னே தெரியல."

சொல்லிவிட வாயைத் திறந்தேன்.
"அம்மா."
"ம்?"
"துப்பட்டா டேங்க் மேல கெடக்கு."

ஜூலை 17, வியாழன்

ஸ்கூல் லீவு போட்டு அம்மாவுடன் ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் இரண்டு நிமிடம், பிசியோதெரபி அண்ணன் அரை மணி நேரம். முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஒரு நரம்பு போகிறதாம், எலும்பை ஒட்டி. மடக்கி உட்கார்ந்ததில் நசுங்கிவிட்டது.

"எம்புட்டு நேரம்மா உக்காந்திருந்தீங்க?"
"ரெண்டு மணி நாப்பது நிமிசம்." (பெருமையாக.)
"நடுவுல மரத்துப் போகலயா? எந்திரிச்சிருக்கலாம்ல?"
அம்மா அவரைப் பாவமாகப் பார்த்தாள். அவருக்குப் புரியாது என்கிற பார்வை.

அவர் சொன்னவை:
1. பாதத்துக்குப் பிளாஸ்டிக் பட்டை. எந்நேரமும்.
2. மூன்று மாதம், ஆறு மாதம் ஆகலாம். வரலாம்.
3. காலை மடக்கவே கூடாது. மடக்கினால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.
4. தினம் ஒருவர் அம்மாவின் வலது பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தூக்கினால் நரம்பு திரும்புகிறது.

4 என் வேலை. நானே கேட்டு வாங்கினேன்.

பெருவிரல்: இல்லை.

ஜூலை 18, வெள்ளி

காற்று, மண். கண்ணைத் திறக்க முடியவில்லை.
பெருவிரல்: இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்பது பேர் இருபத்திரண்டு ஆகிவிட்டார்கள். பூக்கடை அக்கா இரண்டு முழம் மல்லிகை கொண்டுவந்து அம்மாவின் பாய்க்கு முன்னால் வைத்தார். "மிஸ்" போய் "மாஸ்டர்" வந்துவிட்டது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: அடுத்த ஞாயிறு மூன்று மணி நேரம். வஜ்ராசனம். மணி கிடையாது. "இன்னும் இருவது நிமிசந்தான் பாக்கி."

கீழே வந்ததும் கேட்டேன். "மடக்கக் கூடாதுன்னு அந்த அண்ணன் சொல்லுச்சுல்ல?"
"அவன் சின்னப் பய. காலுக்கு மட்டுந்தான் படிச்சிருக்கான்."

அப்பா லோடு வண்டியோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில். போன் போட்டுச் சொன்னேன். "ஒங்கம்மா சாமியாராப் போறாளாமா? சோறு யாரு ஆக்குவான்னு கேளு." சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இந்த வீட்டில் ஜோக் அடிக்கும் வியாதி யாரிடமிருந்து வந்தது என்று தெரிகிறது.

பெருவிரல்: இல்லை.

ஜூலை 23, புதன்

மதியமே ஸ்கூல் விட்டுவிட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளறையில் பீரோ மறைவில் அம்மா. பிளாஸ்டிக் பட்டை கழற்றி ஓரமாக. வஜ்ராசனம். முகமெல்லாம் வேர்வை. பாதம் பின்னால் துவண்டு, வேறு யாருடையதோ மாதிரி.

அதட்டியிருக்க வேண்டும்.

அம்மாவே கண் திறந்தாள். அதுவும் மணி இல்லாமல்.
"நிக்க மாட்டேங்குதுடி. ஓடிக்கிட்டே இருக்கு. அன்னைக்கி மட்டும் எப்டி நின்னுச்சோ. மூணு மணி நேரம் தாண்டிட்டா மொத்தமா நின்னுரும்."
"கால் போயிரும்மா."
"போகட்டும். காது கெடைக்கும்ல."

தூக்கிவிட்டேன். கனமே இல்லை.

முதல் பக்கத்தில் எழுதிய சித்தி ஜோக்கைப் படித்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அடித்தும் தெரிகிறது.

பெருவிரல்: இல்லை.

ஜூலை 25, வெள்ளி

வழிகள்:
அ. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தொலைப்பது. (சுபைதா அக்கா வீட்டு மாடி இருக்கிறது.)
ஆ. பிசியோ அண்ணனைக் கூட்டி வருவது. (சின்னப் பய.)
இ. எனக்குக் காய்ச்சல். (தெர்மாமீட்டரை டீயில் வைத்தது ஏழாம் வகுப்பிலேயே மாட்டிவிட்டது.)
ஈ. சொல்வது.

மூன்று தந்திரம் எழுதிவிட்டுத்தான் நான்காவது தோன்றுகிறது. அதுதான் நான்.

பெருவிரல்: இல்லை.

ஜூலை 26, சனி

சொல்லிவிட்டேன்.

அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், வேகமாக, கெமிஸ்ட்ரி ஒப்பிப்பது போல. அலாரம், காலை, மாலை, படி, டியூஷன், ஆப்பு. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை காதில் சரியாக விழவில்லை.

கை நிற்கவில்லை. இன்னும் நாலு காய் உரித்தாள்.

"படியில எம்புட்டு நேரம் இருந்த?"
"எட்டு நிமிசம்."
"சிரிச்சியா?"
"ம்."

இன்னும் இரண்டு காய்.

"கால் கடுத்துச்சு. தொறந்துறலாமான்னு நூறு தடவ நெனச்சேன். இந்தா அடிச்சிரும், இந்தா அடிச்சிரும்னு. அந்த அலாரம் நீ வச்சுக் குடுத்தது, போனுல நீ ஒண்ணு பண்ணிக் குடுத்தா தப்பாதுல்ல. அத நம்பித்தான் உக்காந்தேன்."

கீழே கிடந்த நாரை எல்லாம் பொறுக்கினேன்.

"ஆனா நின்னுச்சு. அது நெசம்."
"நெசந்தாம்மா."
தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.
"இப்ப ஓடுது."

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ராத்திரி சோற்றுக்கு அவரைக்காய் வெஞ்சனம், வழக்கம் போல எனக்குத்தான் முதலில் வைத்தாள்.

பெருவிரல்: இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

இருபத்திரண்டு பேரும் குளித்து வந்திருந்தார்கள். பாய்க்கு முன்னால் மறுபடி பூ. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் டப். பட்டை போட்டிருந்தாள். பாயைத் தாண்டிப்போய், துணி காயப்போடும்போது நான் ஏறி நிற்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு மணி நேரமெல்லாம் இல்ல. வழக்கம் போல இருவது நிமிசம். மணி எம்மக அடிப்பா."

பூக்கடை அக்கா: "மாஸ்டர், நாங்கல்லாம் வெரதம் இருந்து வந்திருக்கோம்..."
சுபைதா அக்கா: "விடுங்கக்கா. காலப் பாக்குறீங்கள்ல?"
அம்மா: "மிஸ்ஸுன்னே கூப்புடுங்க."

ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. என் கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்து எதிரில் உட்காரவைத்தாள். போன் என் மடியில், மணி பார்க்க மட்டும்.

இருபத்திரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். அம்மா மூடவில்லை. இருபது நிமிடமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்ப்பது போல.

என் கால் மரத்தது. அசையவில்லை.

6.50. அடித்தேன்.

பெருவிரல்: இல்லை.

ஜூலை 28, திங்கள்

காற்று. டேங்க் மேல் கிடந்த துப்பட்டாவைக் காணவில்லை. ரெக்கார்டு முடித்துவிட்டேன். அம்மா போனில் பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறாள். கிளாஸில் போனை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கண்ணைத் திறந்தே இருந்தாளாம், சுபைதா அக்கா சொன்னார்.

பெருவிரல்: கேட்டேன். காட்டவில்லை.