மாமி கொண்டுவந்த வருத்தமில்லை

என்ர அன்பு மச்சாள் சுமதிக்கு,

வாற மாதம் நீ போய் ஒரு வருசம். ஆண்டுத் திவசத்துக்கு உன்ர நினைவா ஒரு சின்னப் புத்தகம் அடிக்கப் போகினம். "நீயும் ரெண்டு வரி எழுதன்" எண்டு என்ர மனிசன், உன்ர கொண்ணர், கொப்பியைக் கொண்டுவந்து தந்தவர். ரெண்டு வரியில முடியிற கதையில்லை இது. ஆறாம் வகுப்போட நிண்டவள் எழுதிறன், பிழை கிடந்தாப் பொறுத்துக்கொள்.

முதல்ல வீட்டுப் புதினம். கொண்ணருக்குச் சிறுநீரகத்தில வருத்தம். அதுக்குக் குடுக்கிற குளிசை உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சுப் போடுமாம். குளிசை தொடங்க முன்னமே டொக்டர் அவருக்குத் தடுப்பூசி போடுவிச்சார். சில ஊசி அவருக்குப் போடலாமாம், சிலது கூடாதாம். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டில இருக்கிற நீங்களும் போடோணும்" எண்டார். அவர் சொல்லி முடிக்க முன்னமே நான் கையை நீட்டிப் போட்டன்.

உனக்கு மார்பில புற்றுநோய் எண்டு மருந்தேத்தின நேரமும் வாட்டில இருந்த நேர்ஸ் மிஸ் இதைத்தானே சொன்னவா? "அக்கா, இவாக்கு இப்ப ஊசி போட்டாலும் முழுசாப் பிடிக்காது. சுத்தியிருக்கிற நீங்கள்தான் வேலி மாதிரி நிக்கோணும். சளிக்காய்ச்சல் ஊசியைப் போடுங்கோ" எண்டு. நான் சொன்ன மறுமொழி ஞாபகமிருக்கோ? "வருத்தக்காரி அவள். எனக்கேன் ஊசி? வயலில அருவி வெட்டு வேற வருகுது." நீ கட்டில்ல கிடந்து சிரிச்சாய். "மிஸ், மச்சாளுக்கு நேரமில்லாமலில்லை, பயம்" எண்டாய்.

மூண்டாம் முறை மருந்தேத்தி உன்னைக் கண்டாவளைக்கு எங்கட வீட்டை கூட்டிக்கொண்டு வந்தம். ஆக்களை விடாதேங்கோ எண்டுதான் வாட்டில சொல்லி விட்டவை. எங்கட ஊரில அது நடக்கிற காரியமோ? வருத்தம் பார்க்க வராட்டி வராதவைக்குக் குறை, வரவேண்டாமெண்டா சொன்னவைக்குக் குறை. ஒரேஞ்சுப் பையோட படலை திறந்து வாறவையை எந்த வாயால மறிக்கிறது? எல்லாருக்கும் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுத்தன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தூக்கி வளர்த்த மாமி வந்தவா. முட்டு வருத்தக்காரி, அவாவுக்கு எப்பவும் இழுப்பும் இருமலும்தானே. "மாமி, உங்கட நெஞ்சுக்குள்ள ஆர் ஆர்மோனியம் வாசிக்கிறது?" எண்டு கேட்டாய். "உன்ர மொட்டைக்குப் பாட்டுப் படிக்கத்தானடி வந்தனான்" எண்டு அவா உன்ர தலையைத் தடவினவா. நீ அப்பிடிச் சிரிச்சதை நான் பிறகு காணேல்லை.

செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல். நெஞ்சில கிருமி பிடிச்சிட்டுது எண்டு வாட்டில சொல்லிச்சினம். ஒரு கிழமைதான். செத்த வீட்டில சனம் குசுகுசுத்தது: "அந்த மனிசி வந்து இருமிப்போட்டெல்லோ போனது!" நான் தேத்தண்ணித் தட்டோட நிண்டு கேட்டன். வாய் திறக்கேல்லை.

சுமதி, எனக்கு முந்தின வெள்ளிக்கிழமையே தொண்டை நோகத் தொடங்கியிட்டுது.

ரெண்டு பனடோலைப் போட்டன். மல்லித்தண்ணி குடிச்சன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் படுத்தா உனக்கு ஆர் சமைக்கிறது? மாஸ்க் போட்டு முகத்தை மூடினா நீ பயப்பிடுவாய் எண்டு அதுவும் போடேல்லை. சனிக்கிழமை உன்னை மடியில சாத்தி வைச்சு, கஞ்சியைக் கரண்டி கரண்டியா ஊதி ஊதித் தீத்தினனான். ஊதின வாய் என்ர வாய்.

ஆரிட்டை இருந்து தொத்தினதெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது எண்டு டொக்டர் சொன்னவர். முட்டு இருமல் தொத்தாது எண்டும் அவர்தான் சொன்னவர். அப்ப மிச்சம் ஆர்? நீ என்ன சொல்லுவாய்? "விடு மச்சாள், தெரியாமத்தானே" எண்டுவாய். தெரியாமல்தான். ஆனா ஒரு வருசமா வாய் மூடியிருந்தது தெரிஞ்சுதானே?

மாமி இப்ப ஒரு வீட்டுக்கும் போறதில்லை. போன கிழமை கொண்ணருக்கு வருத்தமெண்டு கேள்விப்பட்டு வந்தவா. பையைப் படலையில கொழுவிப்போட்டு வெளியில நிண்டா. "உள்ள வாங்கோ மாமி" எண்டன். "வேண்டாம் பிள்ளை. ஒண்டைச் சாகடிச்சது காணும்" எண்டா. வந்த இருமலைச் சீலைத் தலைப்பால பொத்திக்கொண்டு நடந்து போட்டா.

இப்ப எங்கட வீட்டுக்கு வாறவையை நான் மறிச்சுக் கேக்கிறன். "தடிமன், காய்ச்சல் இருந்தாச் சுகமாகி வாங்கோ." ஒருத்தி, "பெரிய ஆக்களாயிட்டினம்" எண்டு போட்டுப் போனாள். அவ்வளவுதான். வானம் இடிஞ்சு விழேல்லை. எனக்குத் தொண்டை கரகரத்தாலும் கொண்ணர் தானே போட்டுச் சாப்பிடுவார். இதை உனக்குச் செய்ய எனக்கு ஏன் தெரியாமப் போச்சுது?

முந்தநாள் எல்லாத்தையும் கொண்ணருக்குச் சொல்லிப்போட்டன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைச்சார். பிறகு, "மாமிக்குச் சொன்னனியோ?" எண்டு மட்டும் கேட்டார்.

இந்தப் புத்தகம் அடிச்சு வந்தா மாமியின்ர கைக்கும் போகும். எழுத்தில வாசிச்சு அவா அறியக் கூடாது. நாளைக்கு விடியக் காலமை நானே மாமி வீட்டை போறன். படலையில நிண்டில்லை, உள்ள போய்ப் பக்கத்தில இருந்து சொல்லுவன். ஏசினாக் கேட்டுக்கொண்டிருப்பன். திவசத்தண்டு அவா வர ஓமெண்டா, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து, எல்லாரும் பாக்க உன்ர படத்துக்கு முன்னால இருத்துவன். வரமாட்டன் எண்டா அதையும் நான்தான் சுமக்கோணும். ஆனாச் சொல்லாமல் மட்டும் விடமாட்டன். இது உனக்குத் தாற வாக்கு.

எண்டைக்கும் உன்ர மச்சாள்,
தவம்