மேசை மேல் நிற்கும் இத்தாலிக்காரன்

அப்பா,

இன்று காலை பட்டறையில் ஒரு பெரியவருக்குப் பல் செட் செய்ய அக்ரிலிக் திரவப் புட்டியைத் திறந்தேன். மூக்கைத் துளைக்கும் அந்த வாடையோடு நீங்கள் வந்து நின்றீர்கள். நான் செய்து கொடுத்த பல் செட்டைச் சாப்பிடும்போது மட்டும் கழற்றி வைக்கிற மனிதர். என் தொழிலுக்கு அதைவிட மோசமான விளம்பரம் கிடையாது.

தொண்ணூறுகளின் பின்பாதியில், நம் விளாங்குடி வீட்டில், ஞாயிறு மதியங்களில் நான் பொம்மைச் சிப்பாய்கள் செய்துகொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து மச்சான் வாங்கி வந்த பெட்டியில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு இத்தாலியக் காலாட்படைச் சிப்பாய், துண்டு துண்டாக இருந்தான். பேரையூரிலிருந்து பட்டாளத்துக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்காவின் எரித்திரியா மலைகளில் இத்தாலிக்காரர்களோடு சண்டை போட்டவர் நீங்கள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவனைப் பார்த்தாலாவது வாய் திறப்பீர்கள் என்று எனக்கு ஓர் ஆசை. தோட்டாப் பை, கெண்டைக்காலில் சுற்றிய துணிப்பட்டை, இடுப்பில் தண்ணீர்க் குப்பி, துப்பாக்கி எல்லாவற்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் செய்தேன். வெயிலில் வெளுத்த காக்கி நிறம் பிடிபடும்வரை விடவில்லை. பல்லுக்கு நிறம் பார்த்துப் பழகிய கண் என்று கொஞ்சம் கர்வம் வேறு.

நீங்கள் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

"எல்லாம் சரியாத்தேன் இருக்கு. துப்பாக்கிதேன் தப்பு."

"புத்தகத்துல இப்படித்தேம்ப்பா போட்டிருக்கு."

"அது கெடக்கட்டும். இவன் கையில துப்பாக்கி இல்லய்யா."

'இவன்' என்றீர்கள். தெரிந்த ஆளைச் சொல்வதுபோல.

அந்தச் சண்டையில் ஓர் இத்தாலிக்காரன் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து, எதையோ பிடித்தபடி உங்களை நோக்கிக் கை நீட்டினானாம். "குண்டுன்னு நெனச்சுட்டேன். சுட்டுட்டேன். கிட்டப் போய்ப் பாத்தா காலித் தண்ணிக் குப்பி. அம்புட்டுத் தாகம்யா அவனுக்கு." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்டத் தண்ணி இருந்துச்சு," என்றீர்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் "தண்ணி குடுத்தியா" என்று அம்மாவை ஏன் அப்படி விரட்டினீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

துப்பாக்கியை அறுத்தெடுத்தேன். விரல்கள் அதைப் பிடித்தபடியே வார்க்கப்பட்டிருந்ததால் முழங்கையோடு வெட்டிவிட்டு, ஈறு நிற அக்ரிலிக்கில் புதுக் கை செய்தேன். நீங்கள் எழுந்து நின்று அவனைப்போலவே கையை நீட்டிக் காட்டினீர்கள். "இன்னுங் கொஞ்சம் ஒசத்தி... இம்புட்டுத்தேன்." குப்பியை இடுப்பிலிருந்து எடுத்து அவன் கையில் ஒட்டினேன். நீங்கள் சொல்லச் சொல்ல முகத்தைத் தீட்டினேன். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம்.

"இவந்தேன்," என்றீர்கள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குப் பெறகு நீ பாத்துக்கய்யா," என்றீர்கள்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்வது? அதைச் சொல்லாமலே போய்விட்டீர்கள். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கு எதற்கு இந்தச் சுமை என்று உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. பட்டறை மேசையில்தான் நிற்கிறான். நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவன் கை என் பக்கம் நீண்டிருக்கிறது. அவனுக்கு முதுகைக் காட்டித்தான் குடிக்கிறேன். அவனைத் தூக்கி உள்ளே வைக்கவும் மனம் வரவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு உங்களுக்குத் திதி கொடுக்கப் போனேன். வைகையில் வழக்கம்போல மணல்தான். ஐயர் வாளியில் தண்ணீர் வைத்திருந்தார். என் கையில் எள்ளைப் போட்டு, உங்கள் பெயரைச் சொல்லச் சொன்னார்.

"இன்னொருத்தர் இருக்காரு சாமி. பேரு தெரியாது."

"பேர் தெரியாதவாளுக்குக் கடைசில விடலாம். மொதல்ல அப்பாவுக்கு விடுங்கோ."

நான் கேட்கவில்லை. முதல் கைத் தண்ணீரை அவனுக்குத்தான் விட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா. உங்களுக்கு முன்னாலிருந்தே அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.