திருப்பி வைத்த கல்

வேப்பந்தட்டை,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சிவசுப்பிரமணியன் சாருக்கு, தேவயானியோட அம்மா மருதாயி கும்பிட்டு எழுதறது. உங்க வூட்டுல எல்லாரும் சுகமா இருக்கணும்.

உங்ககிட்ட ஆராய்ச்சி படிச்சப்ப தேவயானி கண்டுபிடிச்சதை இந்த மாசக் கடைசியில வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பறோம், அவ பேருதான் முதல்ல வரும்னு திங்கட்கிழமை போன்ல சொன்னீங்க. அழுதுட்டே போனை வச்சுட்டேன். அதான் எழுதறேன். அஞ்சாவதுதான் படிச்சேன், பிழையைப் பொறுத்துக்குங்க.

காய்ச்சலோட ஊருக்கு வந்தவ எட்டே நாள்ல கண்ணை மூடிட்டா. அவ கொண்டுவந்த பையை இப்பத்தான் பிரிச்சேன். நோட்டு பூரா இங்கிலீசு. கடைசிப் பக்கம் மட்டும் தமிழ். மனசை உறுத்துறதை அவ தமிழ்லதான் எழுதுவா. கல்லைக் குறுக்கே திருப்பி ஒட்டினேன், சிக்னல் திரும்பலை, இன்னொரு தடவை பார்த்துட்டு சார்ட்ட சொல்லணும்னு எழுதியிருக்கா.

நல்லாக் குளிர வச்சா கரண்டு தடையில்லாம ஓடுற கல்லுன்னு பொங்கலுக்கு வந்தப்ப சொன்னா. நெடுக்கயும் குறுக்கயும் ஒண்ணா ஓடவேண்டியது, ஒரு பக்கமா மட்டும் சுளுவா ஓடுதாம், அதைத்தான் அவ கண்டுபிடிச்சாளாம். அது கல்லோட குணம்னு எப்படிடி நம்புவேன்னு கேட்டேன். வெங்காயம் நிறுக்கையில தராசு மேல சந்தேகம் வந்தா நீ என்னம்மா செய்வேன்னு திருப்பிக் கேட்டா. படிக்கல்லையும் வெங்காயத்தையும் தட்டு மாத்தி வைப்பேன், அப்பவும் அதே பக்கம் சாஞ்சா கோளாறு தராசுலதான்னேன். அதேதாம்மா, கல்லைத் திருப்பினா சிக்னலும் கூடத் திரும்பணும், இல்லைன்னா நாங்க அதை மெஷின்ல ஒட்டின விதம்தான் கோளாறுன்னு சிரிச்சா.

அந்தக் கடைசிப் பக்கத்தை எங்க வூட்டுக்காரர்ட்ட காட்டினேன். தராசு புடிக்கிறவ சயின்டிஸ்டுக்குப் புத்தி சொல்றியாக்கும், புள்ளை பேரு அச்சுல வர்றதையும் கெடுக்காதடின்னு கத்தினாரு. அப்புறம் அவரும் சாப்பிடலை. அவர் வயலுக்குப் போனப்புறம் எழுதறேன்.

சார், எனக்கும் ஆசைதான். ஊர் ஸ்கூல்ல அவ படம் மாட்டறோம்னு சொல்லியிருக்காங்க. ஆனா நாளைக்கு வேற யாராச்சும் திருப்பி வச்சுப் பார்த்துட்டு, தேவயானி தெரிஞ்சே மறைச்சுட்டான்னு பேசினா, எதிர்த்துப் பேச அவ இல்லை.

நோட்டை இதோட பதிவுத் தபால்ல வச்சிருக்கேன். ரெண்டு தடவை வெளிய எடுத்துட்டு, திரும்பவும் வச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை பார்க்காம அனுப்பிடாதீங்க. சரின்னு வந்தா அவ பேரைப் போடுங்க. தப்புன்னு வந்தா, அந்தத் தப்பை முதல்ல கண்டவ தேவயானின்னு உங்ககிட்ட படிக்கிற புள்ளைங்ககிட்டயாச்சும் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
தேவயானி அம்மா
பெ. மருதாயி